வாசல் தேடி வந்த நலம்: செவிலியர் பணியின் வரலாறும் நமது மஹல்லாவின் கடமையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



'செவிலி' என்பது தமிழில் மிகப் பழமையான சொல். தொல்காப்பியத்திலேயே அது இடம்பெற்றுள்ளது. பெற்ற தாய்க்கு அடுத்த நிலையில் நின்று, குழந்தையைப் பாலூட்டிச் சீராட்டி வளர்ப்பவளையே முன்னோர் செவிலி என்றனர். நம் பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டி வளர்த்த அன்னை ஹலீமா (ரலி) அவர்களைத் 'செவிலித்தாய்' என்றே நம் தமிழ் நூல்கள் போற்றுகின்றன. மருத்துவமனையில் நோயாளியைக் கவனிக்கும் நர்ஸ் அம்மாவுக்கு இச்சொல் பிற்காலத்தில்தான் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது மிகப் பொருத்தமே. ஏனெனில் செவிலித்தாய் என்பவள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த பின் ஓடி வருபவள் அல்லள். காய்ச்சல் வராமல் வளர்ப்பவள்.

செவிலியர் என்றதும் ஊசியும் மருந்துத் தட்டும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நோயுற்றவருக்குப் பணிவிடை செய்வது அவர்களது பணியில் ஒரு பாதி. மறு பாதி, நலமாக இருப்பவரை நலமாகவே வைத்திருப்பது. கண்ணுக்கு எளிதில் தெரியாத இந்த மறு பாதியே கடந்த ஒரு நூற்றாண்டில் நம் நாட்டில் அதிகமான உயிர்களைக் காத்தது. அந்த வரலாற்றில் நம் சமுதாயத்திற்கும், நமது வாலாஜாபாத்திற்கும் உள்ள தொடர்பை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) நடைபெற்ற அகழ்ப்போரில், அன்ஸாரிகளின் தலைவர்களுள் ஒருவரான ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்து, இரத்தக்குழாய் அறுபட்டது. அவர்களைத் தாம் அருகிலிருந்து நலம் விசாரிக்க வேண்டும் என்பதற்காக, பெருமானார் (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுன் நபவியிலேயே ஒரு கூடாரத்தில் தங்க வைத்தார்கள். அக்கூடாரம் அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியுடையது என்றும், காயமுற்றோருக்கு மருந்திடுவதையும் கவனிப்பாரற்றோருக்குப் பணிவிடை செய்வதையும் அவர் தமது பணியாகக் கொண்டிருந்தார் என்றும் வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகின்றார்.

ருஃபைதா (ரலி) அவர்கள் மட்டுமல்ல. உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று உணவு சமைத்தும், காயமுற்றோருக்கு மருந்திட்டும், நோயாளிகளைக் கவனித்தும் பணியாற்றியதை ஸஹீஹ் முஸ்லிமிலும், ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் போர்க்களத்தில் தண்ணீர் வழங்கி மருந்திட்டதை ஸஹீஹுல் புகாரியிலும் காண்கிறோம். நோயாளியைக் கவனிக்கும் கூடாரம் பள்ளிவாசலுக்குள்ளேயே இருந்தது. அதை நடத்தியவர் ஒரு பெண்மணி. அதற்கு அனுமதியளித்தவர்கள் அண்ணலார் (ஸல்) அவர்கள். இம்மூன்றையும் நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த மரபு பிற்காலத்திலும் தொடர்ந்தது. கி.பி. 1284இல் எகிப்தின் ஸுல்தான் மன்ஸூர் கலாவூன் கெய்ரோவில் கட்டிய 'பீமாரிஸ்தான்' என்னும் மருத்துவமனையில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. அவ்வவ்விடத்தில் பணிவிடை செய்ய ஆண் பணியாளர்களும் பெண் பணியாளர்களும் சம்பளத்திற்கு அமர்த்தப்பட்டிருந்தனர்.

நம் ஊரும் நைட்டிங்கேல் அம்மையாரும்

இனி நம் ஊருக்கு வருவோம். ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா அவர்களின் பெயரைத் தாங்கி நிற்பது வாலாஜாபாத். (இராணிப்பேட்டை அருகிலுள்ள வாலாஜாபேட்டை வேறு, பெயர் தந்தவர் ஒருவரே.) பாலாற்றங்கரையில் அமைந்த இவ்வூர் ஒரு காலத்தில் ஆங்கிலேயக் கும்பெனியாரின் படைத்தளமாக விளங்கியது. ஐரோப்பியப் படைவீரர்கள் இங்கே தங்க வைக்கப்பட்டிருந்தனர். ஆனால் உடல்நலத்திற்கு ஒவ்வாத இடம் என்ற பெயரையே அவர்களிடம் இவ்வூர் பெற்றது. முடிவில் படைத்தளம் கைவிடப்பட்டது.

அக்காலத்தில் இந்நிலை வாலாஜாபாத்திற்கு மட்டும் உரியதன்று. இந்தியாவெங்கும் இருந்த ஆங்கிலேயப் படைத்தளங்களில், போரில் இறந்தோரைவிடக் காய்ச்சலாலும் சீதபேதியாலும் காலராவாலும் இறந்தோரே மிகுதி. இதை ஆராய 1859இல் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. 1863இல் வெளியான அதன் அறிக்கைக்குப் பின்னணியில் உழைத்தவர், நவீன செவிலியர் பணியின் தாய் எனப் போற்றப்படும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஆவார்.

அம்மையாரின் பெயரைக் கேட்டதும் விளக்கேந்திய பெண்மணி என்ற சித்திரமே பலருக்கும் தோன்றும். 1854இல் கிரீமியப் போரின்போது, துருக்கி உஸ்மானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்பூலின் உஸ்குதார் பகுதியில் இருந்த படை மருத்துவமனைக்கு, 38 செவிலியருடன் அவர் சென்றார். இரவில் விளக்கேந்தி நோயாளிகளைப் பார்வையிட்டது உண்மையே. ஆனால் அங்கே உயிர்களைக் காத்தது விளக்கு அன்று. 1855 பிப்ரவரியில் அம்மருத்துவமனையில் 100 பேருக்கு 42 பேர் என்ற அளவில் இறந்துகொண்டிருந்தனர். கழிவுநீர்க் கால்வாய்கள் சுத்தம் செய்யப்பட்டு, குடிநீரும் காற்றோட்டமும் சீர்செய்யப்பட்ட பின், ஜூன் மாதத்தில் அது 2 ஆகக் குறைந்தது. நோயைக் காட்டிலும் அழுக்கே அதிகம் கொல்கிறது என்ற பாடத்தை அம்மையார் அங்கிருந்து கற்றுத் திரும்பினார்.

அவர் இந்தியாவிற்கு ஒருபோதும் வந்ததில்லை. இலண்டனில் நோய்ப்படுக்கையில் இருந்தவாறே, இந்தியப் படைத்தளங்கள் ஒவ்வொன்றிலும் குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்ற விவரங்களைக் கேட்டு வாங்கிப் படித்தார். இங்கிருந்த ஆங்கிலேயப் படையினரில் ஆண்டுக்கு 1000 பேருக்கு 69 பேர் இறந்து வந்தனர் என்று அறிக்கை காட்டியது. சுகாதாரச் சீர்திருத்தங்கள் மேற்கொள்ளப்பட்ட பத்து ஆண்டுகளில், அதாவது 1873இல், அது 18 ஆகக் குறைந்ததாக அவரே எழுதினார்.

1893இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அம்மையார் செவிலியர் பணியை இரண்டாகப் பிரித்தார்: நோய்க்கான செவிலியம், நலத்திற்கான செவிலியம். இரண்டாவது பணி ஒவ்வோர் இல்லத்திலும் நடைபெற வேண்டும் என்று கருதிய அவர், கிராமத்துத் தாய்மார்களின் வீடுகளுக்கே சென்று தூய்மையையும் குழந்தை வளர்ப்பையும் கற்பிக்கும் பெண்களுக்குப் பயிற்சியளிக்கும் திட்டத்திற்கு அதற்கு முந்தைய ஆண்டே துணை நின்றிருந்தார். இன்று நம் தெருவில் பையைத் தோளில் மாட்டி வரும் கிராம சுகாதாரச் செவிலியரின் முன்னோடிகள் அப்பெண்களே.

திறக்க மறுத்த கதவுகள்

சென்னை மாகாணத்தில் இப்பணி சற்று முன்னதாகவே தொடங்கியது. எழும்பூரில் 1844இல் பிரசவ மருத்துவமனை ஏற்பட்டது. 1854இல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1871இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியருக்கான பயிற்சி ஏற்படுத்தப்பட்டது. ஆனால் மருத்துவமனை கட்டப்பட்டதால் மட்டும் பெண்கள் அங்கே வந்துவிடவில்லை. ஆண் மருத்துவரின் முன் தம் பெண்களை நிறுத்த முஸ்லிம் குடும்பங்களும், உயர்குலத்து இந்துக் குடும்பங்களும் அன்று இசையவில்லை.

அதன் விலை என்ன என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1890களின் தொடக்கம், இடம் திண்டிவனம். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் பெற்றோருடன் தங்கியிருந்தார். ஓரிரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். "என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள்" என்ற பொருள்பட ஐடா கூறியும், ஓர் ஆண் தம் மனைவியைப் பார்ப்பதா என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அம்மூவரில் ஒருவர் முஸ்லிம் பெண்மணி.

இச்சம்பவத்தை நாம் பிறருடைய கதையாகப் படித்துவிட்டுப் போக இயலாது. வெட்கத்தைப் பேணுவது ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து நேரும் நிர்ப்பந்த நிலையில் ஆண் மருத்துவர் சிகிச்சையளிக்கலாம் என்றே நம் ஃபிக்ஹு நூல்கள் சட்டம் கூறுகின்றன. அச்சட்டத்தை அறியாமையினால் ஒரு தாயின் உயிர் போயிற்று. அதைவிட முக்கியமான வினா ஒன்றுண்டு: அந்த இரவில் அத்தாயிடம் சென்று உதவக்கூடிய பயிற்சி பெற்ற பெண் ஒருவர்கூட அவ்வூரில் இல்லாமல் போனது ஏன்?

ஐடா அம்மையார் அவ்வினாவிற்கே தம் வாழ்நாளைப் பதிலாக்கினார். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900இல் திரும்பினார். வேலூரில் 1902இல் பெண்களுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. தாம் ஒருவரே எல்லா வீடுகளுக்கும் செல்ல இயலாது என்பதை உணர்ந்து, 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். மருத்துவப் பள்ளிக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. அதுவே 1946இல் செவிலியர் கல்லூரியாக உயர்ந்தது. இன்றும் வேலூர் சி.எம்.சி.க்கு நம் மஹல்லாவிலிருந்து செல்லாத குடும்பம் அரிது.

சென்னையிலும் இதே தேவைக்காக ஒரு மருத்துவமனை எழுந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற முதல் பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885இல் தொடங்கப்பட்ட அதன் பெயரிலேயே 'கோஷாப் பெண்கள்' என்ற சொல் இருந்தது. கோஷா என்றால் திரைமறைவில் வாழும் பெண்கள். பெண் மருத்துவரும் பெண் செவிலியருமே அங்கே பணியாற்றியதால், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் தயக்கமின்றித் தம் பெண்களை அனுப்பின. இன்று அது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆயினும் நம் மூத்தோர் வாயில் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி'தான். பெண்ணின் கதவைப் பெண்ணே திறக்க முடியும் என்பதை அப்பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மருத்துவமனைக்கு வெளியே

இருப்பினும் மருத்துவமனை என்பது நோய் முற்றியபின் செல்லும் இடமாகவே இருந்தது. அதை மாற்ற, வீடு வீடாகச் செல்லும் 'ஹெல்த் விசிட்டர்' என்னும் சுகாதாரப் பார்வையாளர்களைப் பயிற்றுவிக்க 1918இல் தில்லியில் லேடி ரீடிங் சுகாதாரப் பள்ளி தொடங்கப்பட்டது. நம் சென்னை மாகாணம் 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றி, இந்தியாவிலேயே அத்தகைய சட்டத்தைக் கண்ட முதல் மாகாணமாயிற்று. 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கை, அன்றைய நாட்டின் நிலையை இவ்வாறு கணக்கிட்டது: 1000 பிரசவங்களுக்குச் சுமார் 20 தாய்மார்கள் இறந்தனர், பிறந்த 1000 குழந்தைகளுள் 162 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. நம் பாட்டிமார்கள் தாம் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்லும்போது 'இருப்பது இத்தனை, போனது இத்தனை' என்று சொன்னதன் பொருள் இதுவே.

வீடு தேடிச் செல்லும் செவிலியரின் வலிமையை உலகிற்கு நிரூபித்தது நம் சென்னைதான். காசநோய் வந்தவரைத் தாம்பரம் போன்ற சானடோரியங்களில் மாதக்கணக்கில் தங்க வைப்பதே அன்றைய முறை. படுக்கைகளோ குறைவு, நோயாளிகளோ ஏராளம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் இல்லை, ஓய்வும் இல்லை, நெருக்கடியான குடியிருப்பு. எனினும் 1959இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை.

இது எவ்வாறு இயன்றது? மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்ளச் செய்ததால் இயன்றது. அதற்காகச் செவிலியரும் சுகாதாரப் பார்வையாளரும் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர், எஞ்சிய மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர், ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அன்புடன் விசாரித்தனர், குடும்பத்தாரிடம் பேசினர். சானடோரியத்தின் சுவர் செய்யாததை வாசலில் வந்து நின்ற ஒரு பெண்ணின் விசாரிப்பு செய்தது. இந்த ஆராய்ச்சியின் பயனாகவே வீட்டில் இருந்தவாறே காசநோய்க்கு மருத்துவம் பெறும் முறை உலகெங்கும் பரவியது.

கிராம சுகாதாரச் செவிலியர்

சுதந்திரத்திற்குப் பின், 1950களில் துணைச் செவிலியர்-மருத்துவச்சி என்ற பயிற்சி நாடெங்கும் தொடங்கப்பட்டது. 1973இல் கர்த்தார் சிங் குழுவின் பரிந்துரையின்பேரில் அவர்களது பணி விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவர்களே கிராம சுகாதாரச் செவிலியர் எனப்படுகின்றனர். சமவெளிப் பகுதியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர் என்பது அரசின் அளவுகோல். இம்மாநிலத்தில் 8,700க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் உள்ளன.

இவரது பணி என்ன என்பதைப் பல ஆண்கள் அறிவதில்லை. ஒரு பெண் கருவுற்ற முதல் 12 வாரங்களுக்குள் அவரைப் பதிவு செய்கிறார். எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றைப் பார்க்கிறார். இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதோடு நில்லாமல், அதை விழுங்கினாரா என்றும் கேட்கிறார். ஆபத்தான அறிகுறி தென்பட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார். பிரசவத்திற்குப் பின் வீட்டிற்கு வந்து, தாய்ப்பால் கொடுக்கும் முறையை மாமியாருக்கும் சேர்த்தே விளக்குகிறார். புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுகிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது; அதற்கான பதிவும் இவர் வழியாகவே நடைபெறுகிறது.

இவர்களுடன் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க மூன்று பணிச் செவிலியர் என்ற ஏற்பாட்டையும் தமிழ்நாடு அரசு 2000களில் விரிவுபடுத்தியது. பலனைக் கணக்குகளே கூறும். 2001-03இல் தமிழ்நாட்டில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 134 தாய்மார்கள் இறந்தனர். 2018-20இல் அது 54. அதே காலத்தில் இந்தியாவின் சராசரி 97. 2001இல் 1000 குழந்தைகளுக்கு 49 ஆக இருந்த சிசு மரணம், 2020இல் 13 ஆகக் குறைந்தது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99க்கும் மேற்பட்டவை மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. திண்டிவனத்து அந்த இரவு இனி வராது என்று சொல்லுமளவிற்கு இம்மாநிலம் முன்னேறியிருக்கிறது. மருத்துவர்கள், சாலைகள், ஆம்புலன்ஸ்கள் என இதற்குக் காரணங்கள் பல உண்டு. எனினும் முதல் படி, ஒரு செவிலியர் ஒரு வீட்டின் வாசலில் நின்று பெயர் எழுதிக்கொண்டதுதான்.

ஆயினும் கதவுகள் முழுமையாகத் திறந்துவிட்டனவா? 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகத்தில் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய ஆதாரமற்ற வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தனர். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ரூபெல்லா, கருவுற்ற தாய்க்கு வந்தால் பிறக்கும் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் பாதிக்கக்கூடியது. வதந்தியை அனுப்பியவர் யாரென்று தெரியாது. ஆனால் வெயிலில் நின்று விளக்கம் சொன்ன செவிலியர் நம் தெருவிற்கு ஆண்டுக்கணக்கில் வந்துபோகும் பெண்மணி. இவ்விருவரில் யாருடைய செய்தியை நம்புவது? செய்தியின் உண்மையை ஆராய்ந்து ஏற்குமாறு திருமறையின் ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிட்டிருக்க, இதில் தயக்கத்திற்கு இடமில்லை.

ஆலைகளின் காலம்

நெல்லும் நெசவும் அறிந்திருந்த நம் சுற்றுவட்டாரம், கடந்த முப்பது ஆண்டுகளில் ஆலைகளின் நிலமாக மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார்களும் கைப்பேசிகளும் உற்பத்தியாகின்றன. நம் பிள்ளைகள் ஷிப்ட் வேலைக்குச் செல்கின்றனர். பீகார், ஒடிசா, அஸ்ஸாம், வங்கம் முதலிய மாநிலத்தவர் நம் தெருக்களில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். தொழில் வந்தது, அதனுடன் புதிய நோய்களும் வந்தன. இரவுப் பணியால் உறக்கம் கெடுகிறது. நேரந்தவறிய உணவால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இளவயதிலேயே தலைகாட்டுகின்றன. நீண்ட நேரம் நின்று வேலை செய்யும் பெண்கள், கழிப்பறை செல்ல நேரமின்றித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ள, சிறுநீர்த் தொற்று உண்டாகிறது. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுடைய பெண்களில் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் மருத்துவ, செவிலியப் பணியாளர் பொறுப்பில் ஓர் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்த அறையில் அமர்ந்திருக்கும் செவிலியர், வெட்டுக்காயத்திற்குக் கட்டுப்போடுவதோடு நின்றுவிட்டால் அது பாதிப்பணி. தலைசுற்றி வந்த பெண்ணிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பவரே முழுப்பணியைச் செய்பவர்.

நீரிழிவிற்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீடு தேடி மாத்திரை வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டு, 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதையும் பெற்றது. 1956இல் சேத்துப்பட்டில் கற்ற பாடமே இங்கு மீண்டும் பின்பற்றப்படுகிறது: மருந்து இருந்தால் போதாது, அதைத் தொடர்ந்து உட்கொள்கிறாரா என்று கேட்க ஒருவர் வர வேண்டும்.

இங்கே நம் கவனத்திற்குரிய ஒரு குறை உண்டு. 5,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுகோலின்படி அமர்த்தப்பட்ட செவிலியர், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்குப் பின் வந்து குடியேறியோரையும் சேர்த்தே கவனிக்க வேண்டியுள்ளது. வாடகை அறையில் வாழும் வடமாநிலத்துக் கர்ப்பிணிக்குத் தமிழ் தெரியாது. செவிலியருக்கு அவர் வந்திருப்பதே தெரியாது. அவரது கணவரோ வெள்ளிக்கிழமை ஜும்ஆவிற்கு நம் பள்ளியின் ஸஃப்பில் நம் தோளோடு தோள் நின்று தொழுபவராக இருக்கலாம். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் கேட்டுள்ள பயான்கள் எத்தனையோ. அந்த உரிமையில் இதுவும் அடங்கும் அன்றோ?

நம்மீதுள்ள ஃபர்ளு

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் நூலில், மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என வகுத்துள்ளார்கள். ஜனாஸாத் தொழுகையைப் போல, ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவர் மீதுள்ள கடமையும் நீங்கும். ஒருவருமே செய்யாவிடில் ஊரே குற்றத்திற்குள்ளாகும். மேலும், பல ஊர்களில் முஸ்லிம் அல்லாதாரைத் தவிர மருத்துவரே இல்லாதிருந்தும், மக்கள் ஃபிக்ஹு கற்பதில் மட்டுமே போட்டியிடுவதை அன்னார் வருத்தத்துடன் சுட்டிக்காட்டுகின்றார்கள். ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அவ்வருத்தம் இன்றைய நம் நிலைக்கும் பொருந்துகிறது. பெண் மருத்துவர்தான் வேண்டும், பெண் செவிலியர்தான் வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்பதில் நாம் முந்திக்கொள்கிறோம். நம் மகளைச் செவிலியர் படிப்பிற்கு அனுப்புவோமா என்றால் பின்வாங்குகிறோம். இரவுப்பணி, பிற ஆண்களைத் தொடும் நிலை, திருமணச் சந்தையில் மதிப்புக் குறைவு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. நம் வீட்டுப் பெண்ணின் பிரசவத்திற்கு இரவு முழுதும் கண்விழித்து நின்றவள் யாரோ ஒருவர் வீட்டு மகள்தான் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

பிளஸ் டூ முடித்த மாணவிக்குத் துணைச் செவிலியர்-மருத்துவச்சிப் படிப்பு இரண்டு ஆண்டுகள், செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள், பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு ஆண்டுகள். மகப்பேறு, குழந்தைகள் நலம், சமுதாய சுகாதாரம் என்று பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே பெரும்பாலும் பணியாற்றும் துறைகளும் இதிலுண்டு. ஜமாஅத்தின் கல்வி உதவியில் ஆண்டுக்கு ஒரு மாணவிக்கு இப்படிப்பிற்கென ஒதுக்கினாலும், பத்து ஆண்டுகளில் பத்துக் குடும்பங்களின் மகள்கள் நூற்றுக்கணக்கான வீடுகளின் கதவைத் திறப்பார்கள்.

இதைத் தவிர, செலவின்றி உடனே செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, புதுமணத் தம்பதியர் நிகாஹ் பதிவேட்டில் கையொப்பமிடும்போதே, கருவுற்றதும் 12 வாரங்களுக்குள் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்தல். இரண்டாவது, தடுப்பூசி நாளைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்து, தேவைப்படும்போது ஜமாஅத்திற்குரிய இடத்தைச் செவிலியருக்கு அளித்தல். மூன்றாவது, மஹல்லாவில் புதிதாகக் குடிவந்த வெளிமாநிலக் குடும்பங்களில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருப்பின், ஹிந்தியோ உருதுவோ அறிந்த நம் பெண்கள் உடன் சென்று செவிலியரிடம் அறிமுகம் செய்து வைத்தல். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போலாவார் என்ற இறைமறையின் கருத்தை மேடையில் எடுத்துச் சொல்வது எளிது. அதைச் செயலாக்கும் வழி இத்தகைய சிறு காரியங்களில் இருக்கிறது.

செவிலியர் நம் வாசலுக்கு வரும்போது அவர் எந்தச் சமயத்தவராயினும் அமர ஓர் இருக்கையும் அருந்தத் தண்ணீரும் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்பது நம் வீடுகளின் வழக்கமாகட்டும். அன்று மதீனாவின் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்திற்கு இடமிருந்தது. நம் மஹல்லாவிலும் அதற்கு இடமிருக்க வேண்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் பூரண உடல்நலத்தை வழங்குவானாக! நோயாளிகளுக்கு ஷிஃபாவை அளிப்பானாக! பிறர் நலம் காக்க உழைக்கும் செவிலியர் அனைவரின் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக! நம் மகள்களை இந்த அறப்பணிக்கு உரியவர்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.